எரியும் சிலுவை எங்கிருந்து வந்தது?

1915 நவம்பர் 25. அமெரிக்காவில் நன்றி நவிலும் நாள். ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டா நகருக்கு அருகே ஸ்டோன் மவுண்டன் என்றொரு மொட்டைப் பாறைக்குன்று இருக்கிறது. அன்றிரவு குளிரில் பத்துப் பதினைந்து பேர் அதன் உச்சிக்கு ஏறினார்கள். அழைத்துப்போனவர் வில்லியம் ஜோசப் சிம்மன்ஸ் என்ற முன்னாள் மதப் பிரசங்கி. அங்கே ஒரு மரச்சிலுவையை நட்டுக் கொளுத்தி, கு கிளக்ஸ் கிளான் மறுபடி பிறந்துவிட்டதாக அறிவித்தார்கள். அந்த இரவுக்குப் பிறகு எரியும் சிலுவை என்றால் நிறவெறி என்று உலகமே அறியும். பலரும் அறியாத ஒன்று உண்டு. உள்நாட்டுப் போர் முடிந்தபின், 1860-களில், தென்மாநிலங்களில் கறுப்பின மக்களை வேட்டையாடிய முதல் கிளானுக்குச் சிலுவை எரிக்கும் வழக்கமே கிடையாது. அது தாமஸ் டிக்ஸன் 1905-ல் எழுதிய ‘த கிளான்ஸ்மேன்’ நாவலில் வருவது. ஸ்காட்லாந்து மலைக்குலங்களின் பழைய வழக்கம் ஒன்றை எடுத்துத் தன் கதையில் ஒட்டவைத்தார் அவர். அந்த நாவலிலிருந்து டி. டபிள்யூ. கிரிஃபித் எடுத்த ‘த பர்த் ஆஃப் எ நேஷன்’ 1915 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் திரைக்கு வந்தது. நாவலாசிரியர் புனைந்ததைத் திரை காட்டியது. பத்து மாதம் நிறைவதற்குள் ஒரு மலையுச்சியில் அது நிஜமாகவே எரிந்தது.

சினிமா சமூகத்தின் கண்ணாடி என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கண்ணாடி தன் முன்னால் நிற்பவரைத் தேர்ந்தெடுப்பதில்லை, ஹாலிவுட் தேர்ந்தெடுத்தது. யார் கதையின் நடுவில் நிற்கலாம், யார் ஓரத்தில் நிற்கலாம், யார் வரவே கூடாது என்பதெல்லாம் கேமரா ஓடத் தொடங்குவதற்கு முன்பே மேசைகளில் முடிவாயின. அப்படித் தேர்ந்தெடுத்துக் காட்டியதைக் கோடிக்கணக்கானவர்கள் தங்கள் நாட்டின் நினைவாகவே ஏற்றுக்கொண்டார்கள். ஒதுக்கப்பட்டவர்களும்கூட அந்த நினைவைத்தான் சுமந்தார்கள். அமெரிக்க வெகுஜன சினிமாவின் நூறாண்டு வரலாற்றில் பண்பாட்டு ஆதிக்கம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும். வன்முறையும் கவர்ச்சியும் அதற்கு அடுத்தபடிதான்.

கிரிஃபித்தின் படத்துக்கே திரும்புவோம். சுமார் மூன்று மணி நேரம் ஓடும் மௌனப் படம். டிக்கெட் விலை 2 டாலர் வரை போனது. அந்நாளில் அது பெருந்தொகை. வெள்ளை மாளிகையில் அதிபர் உட்ரோ வில்சன் பார்க்கத் திரையிட்டார்கள். விடுதலை பெற்ற கறுப்பின மக்களை வெறியர்களாகவும், முகமூடியணிந்து அவர்களைக் கொல்பவர்களை மீட்பர்களாகவும் காட்டிய அந்தப் படத்தை எதிர்த்து, 1909-ல் தோன்றிய என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பின உரிமை அமைப்பு நகரந்தோறும் போராடியது. பெரிதாகப் பலனில்லை. இங்கே எழும் நியாயமான மறுப்பு ஒன்றைக் கேட்க வேண்டும்: நிறவெறி கிரிஃபித்துக்கு முன்பே இருந்ததல்லவா? இருந்தது. போருக்குப் பிந்தைய காலத்தைக் கறுப்பின மக்களின் அராஜகமாகச் சித்தரித்த பேராசிரியர்கள் கொலம்பியா பல்கலைக்கழகத்திலேயே இருந்தார்கள். அதே 1915 ஆகஸ்டில் ஜார்ஜியாவில் லியோ ஃபிராங்க் என்ற யூதரைக் கும்பல் ஒன்று தூக்கிலிட்டது. கிளான் மறுபடி தலையெடுக்க அந்த வெறியும் காரணம். ஆனால் பேராசிரியரின் புத்தகம் எத்தனை பேரைச் சேரும்? சிதறிக் கிடந்த வெறுப்புக்குப் படம் ஓர் உருவம் கொடுத்தது. பழைய கிளானுக்குச் சீருடை என்று ஒன்று இருந்ததில்லை. கைக்குக் கிடைத்த வேடங்களில் திரிந்தார்கள். எல்லோரும் ஒரேபோல அணியும் வெள்ளை அங்கி திரையிலிருந்து இறங்கி வந்ததுதான். அட்லாண்டாவில் படம் திரைக்கு வந்தபோது, நாளிதழில் அதன் விளம்பரத்துக்குப் பக்கத்திலேயே சிம்மன்ஸ் தன் அமைப்புக்கும் விளம்பரம் கொடுத்தார். 1920-களின் நடுவில் கிளானின் உறுப்பினர்கள் பல லட்சங்களைத் தாண்டிவிட்டார்கள். 1925-ல் அவர்கள் முகமூடி இல்லாமலே வாஷிங்டன் வீதிகளில் ஊர்வலம் போனார்கள். பொருளாதார அறிஞர் டெஸ்மண்ட் ஆங் அண்மையில் நடத்திய ஆய்வு, படம் ஊர் ஊராகத் திரையிடப்பட்ட ஐந்தாண்டுகளை எடுத்துக்கொண்டு, அது ஒரு மாவட்டத்துக்கு வந்து சேர்ந்த வேளையில் அங்கே கும்பல் கொலைகளும் இனக் கலவரங்களும் கூர்மையாக உயர்ந்ததைக் காட்டியிருக்கிறது. இதைப் பிரதிபலிப்பு என்று எப்படிச் சொல்வது?

இந்தத் தேர்வைச் செய்தவர்கள் யார் என்று பார்த்தால் கதை இன்னும் சிக்கலாகிறது. ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோக்களைக் கட்டியவர்களில் பலர் அமெரிக்கச் சீமான்கள் அல்லர். அடால்ஃப் ஜுக்கோரும் வில்லியம் ஃபாக்ஸும் ஹங்கேரியில் பிறந்தவர்கள். கார்ல் லேம்லே ஜெர்மனியிலிருந்து வந்தவர். வார்னர் சகோதரர்களின் குடும்பம் போலந்திலிருந்து வந்தது. யூதர்கள் என்பதால் மேட்டுக்குடி மன்றங்களின் கதவு திறக்காத நாட்டில், அந்த நாட்டின் கனவுருவத்தை வரைந்து கொடுத்தவர்கள் இவர்களே. எம்.ஜி.எம். நிறுவனத்தின் லூயி பி. மேயர் தன் பிறந்தநாளை அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4-ல் கொண்டாடினார். வந்தேறிகள் உருவாக்கிய சினிமா எப்படி ஒதுக்கும் சினிமாவாக இருக்க முடியும் என்று கேட்பவர்களுக்கு 1927-ல் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட ‘த ஜாஸ் சிங்கர்’ பதில் சொல்லும். யூத ஆலயப் பாடகரின் மகன் தந்தையின் வழியை விட்டு மேடைப் பாடகனாகிறான். வந்தேறியின் பிள்ளை அமெரிக்கனாகும் கதை. நெஞ்சைத் தொடும் கதைதான். ஆனால் அவன் மேடையேறும்போது முகத்தில் கரி பூசிக் கறுப்பின வேடம் போடுகிறான். ஒருவர் உள்ளே நுழைய இன்னொருவரின் முகம் அனுமதிச் சீட்டாயிற்று. அந்த முகத்துக்குச் சொந்தக்காரர்களோ அப்போதும் வாசலுக்கு வெளியேதான் நின்றார்கள்.

1934 ஜூலையிலிருந்து அந்த வாசலுக்கு எழுத்துபூர்வமான காவலே வந்துவிட்டது. பதிப்பாளர் மார்ட்டின் குவிக்லியும் ஏசு சபைப் பாதிரியார் டேனியல் லார்டும் 1930-ல் வகுத்த தயாரிப்பு விதிகளை, ஜோசப் பிரீன் என்பவரின் அலுவலகம் கறாராக அமல்படுத்தத் தொடங்கியது. திரைக்கதைகள் முதலில் அந்த மேசைக்குப் போயாக வேண்டும். அதன் முத்திரை இல்லாத படத்துக்குப் பெரிய திரையரங்குகள் கிடைக்காது. முத்தம் எவ்வளவு நேரம், குற்றவாளிக்கு முடிவு என்ன என்பவற்றோடு, வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையிலான உறவைக் காட்டக் கூடாது என்பதும் விதி. நடைமுறையில் ஆசிய நடிகர்களுக்கும் அதே வேலி போடப்பட்டது. லாஸ் ஏஞ்சலிஸில் சலவைக் கடைக்காரரின் மகளாகப் பிறந்த அன்னா மே வாங், அன்றைக்கு உலகமறிந்த ஒரே சீன அமெரிக்க நட்சத்திரம். சீன விவசாயக் குடும்பத்தைப் பற்றிய பெர்ல் பக்கின் நாவலை எம்.ஜி.எம். ‘த குட் எர்த்’ என்று படமாக்க முனைந்தபோது, கதாநாயகி ஓ-லான் பாத்திரம் தனக்கு வரும் என்று அவர் நம்பினார். ஆனால் கணவன் வேடத்தில் பால் முனி என்ற வெள்ளை நடிகர். பாத்திரம் சீனர்தான் என்றாலும் நடிப்பவர் வெள்ளையர் ஆயிற்றே! அவருக்கு மனைவியாக உண்மையான சீனப் பெண் நடித்தால் விதி இடிக்கும். வேடம் ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரெய்னருக்குப் போனது. அதற்காக அவர் ஆஸ்கரும் பெற்றார். அன்னா மே வாங்குக்குக் குடும்பத்தைக் குலைக்கும் இரண்டாம் தாரத்தின் வேடத்தைத் தர முன்வந்தார்கள். அவர் ஏற்காமல், 1936-ல் தன் முன்னோரின் சீனாவைப் பார்க்கக் கப்பலேறினார்.

அவரால் தன் முகத்தை மறைக்க முடியவில்லை. மெர்ல் ஓபரான் மறைத்தார். 1911-ல் பம்பாயில் பிறந்து கல்கத்தாவில் வளர்ந்தவர். தாய்வழியில் இலங்கைக் கலப்பினக் குடும்பம். ஆனால் ஹாலிவுட்டுக்கு அவர் சொன்ன பிறந்த ஊர் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா. அவ்வளவு தொலைவில் யார் போய் விசாரிக்கப்போகிறார்கள்? ‘த டார்க் ஏஞ்சல்’ படத்துக்காக 1936-ல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை. 1939-ல் ‘வூதரிங் ஹைட்ஸ்’ படத்தில் ஆங்கிலேயக் கதாநாயகி. இவ்வளவுக்கும் நடுவே, தன்னை வளர்த்த கருநிறப் பெண்மணியை வீட்டுக்கு வருபவர்களிடம் பணிப்பெண் என்று அறிமுகப்படுத்தியதாக அவரது வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். 1979-ல் இறக்கும்வரை உண்மையை அவர் பொதுவில் ஒப்புக்கொள்ளவில்லை. அடையாளத்தை சினிமா வடிவமைக்கிறது என்று நாம் அருவமாகப் பேசும் விஷயம் இங்கே ஒரு பெண்ணின் வீட்டுக் கூடத்தில் நடந்திருக்கிறது. அவரைப் பொய்யர் என்று குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பொய்யைச் சொல்லாவிட்டால் அவருக்குத் திரையே இல்லை. ஆசியர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஒரு நடிகை, மிஷெல் யோ, அதே விருதை வென்றது 2023-ல். இடையில் 87 ஆண்டுகள்.

ரசிகர்கள் கேட்டதைத்தானே ஸ்டூடியோக்கள் கொடுத்தன என்பது வணிகர்களின் நெடுநாள் வாதம். ரசிகர்களுக்கு முன்னால் என்ன வைக்கப்பட்டது என்று பார்த்தால் இந்த வாதம் ஆட்டங்காணும். எம்.ஜி.எம். தன் இசைப்படங்களில் கறுப்பினப் பாடகி லீனா ஹார்னை பெரும்பாலும் தனிப்பாட்டில் மட்டும் நிறுத்தியது. கதையோடு ஒட்டாத பாட்டு என்றால், தென்மாநிலப் பிரதிகளில் அந்த ஒரு துண்டை மட்டும் வெட்டிவிட்டுப் படத்தை ஓட்டலாம். மெம்ஃபிஸ் நகரின் தணிக்கைக் குழுத் தலைவர் லாயிட் பின்ஃபோர்ட், 1947-ல் ‘கர்லி’ என்ற சிறுவர் படத்தைத் தடைசெய்தார். கறுப்பினக் குழந்தைகளும் வெள்ளைக் குழந்தைகளும் ஒரே வகுப்பறையில் உட்கார்ந்திருந்ததுதான் குற்றம். லீனா ஹார்னை மெம்ஃபிஸ் ரசிகர் விரும்பியிருப்பாரா, வெறுத்திருப்பாரா? அவருக்கு அந்தச் சந்தர்ப்பமே தரப்படவில்லை. காட்டப்படாததை விரும்பவில்லை என்று யாரும் கணக்கெழுத முடியாது. ‘கான் வித் த விண்ட்’ 1939 டிசம்பரில் அட்லாண்டாவில் கோலாகலமாக வெளியானபோது, அதில் நடித்த ஹாட்டி மெக்டேனியலால் அந்த அரங்குக்குள் கால் வைக்க முடியவில்லை. இரண்டரை மாதம் கழித்து அதே வேடத்துக்காக ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பினக் கலைஞரானார். விருது விழாவிலும் அவருக்குச் சுவரோரத்தில் தனி மேசைதான். வேடம் என்ன? எசமானியம்மாவை உயிராக நேசிக்கும் அடிமைத் தாதி. அடுத்த கறுப்பின நடிகை ஓர் ஆஸ்கரைத் தொட 51 ஆண்டுகள் ஆயின.

கௌபாய் படங்களின் கதை இதைவிட ஆழமானது. அந்த வகைப் படம்தான் அமெரிக்கா தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட பிறப்புக் கதை: யாருமற்ற நிலம், தனியொரு வீரன், ஓரத்திலிருந்து பாய்ந்து வரும் காட்டுமிராண்டிகள். தமிழிலும் 1970-களில் கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் தொப்பியும் துப்பாக்கியுமாகக் குதிரையேறும் அளவுக்கு அந்தக் கதை உலகைச் சுற்றி வந்தது. ஜான் ஃபோர்டு 1956-ல் எடுத்த ‘த சர்ச்சர்ஸ்’, திரைமொழியில் மகத்தான படம். எனக்கு அதில் சந்தேகமில்லை. கதை டெக்ஸஸில் கொமான்சி பூர்வகுடி மக்களோடு நடக்கிறது. படமாக்கியதோ ஃபோர்டுக்குப் பிடித்த மான்யுமெண்ட் வேலியில். கொமான்சிகள் வாழ்ந்தது தென் சமவெளிப் புல்வெளிகளில். செம்பாறைக் கோபுரங்கள் நிற்கும் மான்யுமெண்ட் வேலி நவஹோ மக்களின் மண். கொமான்சிகளாக நடித்தவர்கள் உள்ளூர் நவஹோக்கள். அவர்களின் தலைவன் ஸ்காராக நடித்தவர் ஜெர்மனியில் பிறந்த ஹென்றி பிராண்டன். எந்தக் குலமாக இருந்தால் என்ன, எந்த நிலமாக இருந்தால் என்ன, கூட்டமாகத் தெரிந்தால் போதும் என்ற இந்த எண்ணம் பிறகு நம் பக்கமும் வந்தது. 1984-ல் வெளியான ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஆஃப் டூம்’ கதைக்கு இந்திய அரசு தடை சொன்னதால் இலங்கையின் கண்டிப் பக்கம் போய்ப் படமெடுத்தார்கள். அந்த ‘இந்திய’ கிராமத்தார் திரையில் சிங்களம் பேசுகிறார்கள்.

பார்ப்பவர்கள் என்ன முட்டாள்களா, தங்களை இழிவுபடுத்தும் படத்தை அடையாளம் காண மாட்டார்களா என்றொரு கேள்வி உண்டு. மரியாதைக்குரிய கேள்வி. ஆஸ்கர் மிஷோ போன்ற கறுப்பின இயக்குநர்கள் 1920-லேயே ‘விதின் அவர் கேட்ஸ்’ எடுத்து, கும்பல் கொலையின் உண்மை முகத்தைத் திரையில் காட்டினார்கள். ஹாலிவுட் படத்தைப் பார்த்துக்கொண்டே அதை மனதுக்குள் எதிர்த்து வாசித்தவர்களும் எக்காலத்திலும் இருந்தார்கள். ஆனால் எதிர்த்து வாசிக்கக் கற்றுக்கொள்ள வயது வேண்டும். எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் 1965-ல் கேம்பிரிட்ஜ் விவாத மேடையில் இதைத்தான் சொன்னார்: திரையில் கேரி கூப்பர் பூர்வகுடிகளைச் சுட்டு வீழ்த்தும்போது அவர் பக்கம் நின்று ஆர்ப்பரித்த கறுப்பினக் குழந்தை, சுடப்படுவது தானேதான் என்று ஒருநாள் அறியும்போது அடையும் அதிர்ச்சியைப் பற்றி. அறிவு அந்தக் குழந்தையை அடைவதற்குள் கேமரா அதன் கண்ணாகிவிடுகிறது. எவன் தோளுக்குப் பின்னால் கேமரா நிற்கிறதோ அவனே நான் என்று குழந்தை நினைத்துக்கொள்கிறது. அதைப் பிற்காலத்தில் பிடுங்கி எறியலாம். பிடுங்கும் வேலையே ஓர் ஆயுளைத் தின்றுவிடும்.

1967 ஒரு திருப்பம். ஜூன் 12 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் லவிங் வழக்கில் கலப்புமணத் தடைச் சட்டங்களைச் செல்லாதவையாக்கியது. அன்றும் 16 மாநிலங்களில் அந்தச் சட்டம் இருந்தது. டிசம்பரில் ‘கெஸ் ஹூஸ் கமிங் டு டின்னர்’ வந்து, கறுப்பின மருத்துவரும் வெள்ளைப் பெண்ணும் மணக்க விரும்பும் கதையைச் சொன்னது. சினிமா சட்டத்துக்கு முந்தவில்லை, பிந்தவும் இல்லை, கூடவே நடந்தது. அதில் நடித்த சிட்னி பாய்ட்டியரின் இன்னொரு படம், அதே ஆண்டின் ‘இன் த ஹீட் ஆஃப் த நைட்’, எனக்கு அதைவிட முக்கியமாகப்படுகிறது. கன்னத்தில் அறைந்த வெள்ளைப் பண்ணையாரைக் கறுப்பினத் துப்பறிவாளர் டிப்ஸ் அதே கணத்தில் திருப்பி அறைகிறார். கதை மிசிசிப்பியில் நடக்கிறது. படத்தின் பெரும்பகுதியை எடுத்தது வடக்கே இல்லினாய் மாநிலத்தில். தெற்கே வர பாய்ட்டியர் மறுத்துவிட்டார். 1964-ல் அவரும் ஹாரி பெலஃபாண்டேவும் குடிமை உரிமைப் போராளிகளுக்குப் பணம் கொண்டுபோனபோது, மிசிசிப்பிச் சாலையில் கிளான் ஆட்கள் வண்டிகளில் துரத்தியிருந்தார்கள். 1915-ல் ஒரு படம் உயிர்கொடுத்த அமைப்பு, அரை நூற்றாண்டு கழித்து இன்னொரு படம் எங்கே எடுக்கப்படும் என்பதைத் தீர்மானித்தது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதால் இரண்டு நாள் தள்ளிவைக்கப்பட்ட 1968 ஆஸ்கர் விழாவில் அது சிறந்த படமாயிற்று. சிறந்த நடிகர் விருது, தன் நிறவெறியிலிருந்து மெல்லத் திருந்தும் வெள்ளைக் காவல் அதிகாரியாக நடித்த ராட் ஸ்டைகருக்கு. பாய்ட்டியருக்குப் பரிந்துரைகூட இல்லை. அறைக்கு அறை கொடுத்து நிமிர்ந்த மனிதரைவிட, திருந்திய மனிதரின் பயணமே தங்கள் கதை என்று ஆஸ்கர் வழங்கும் அகாதமி கருதியது.

இன்றைக்கு வருவோம். 2015, 2016 ஆகிய இரு ஆண்டுகளிலும் நடிப்புக்கான 20 ஆஸ்கர் பரிந்துரைகளும் வெள்ளையருக்கே போனபோது எழுந்த எதிர்ப்பு அகாதமியை அசைத்தது. 2018-ல் ‘பிளாக் பாந்தர்’ உலகெங்கும் 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்து, கறுப்பின நாயகன் என்றால் வெளிநாட்டில் ஓடாது என்ற பழைய வணிகச் சாக்கைப் புதைத்தது. 2024 முதல், சிறந்த படத்துக்கான போட்டியில் நுழையக் கலைஞர்களிலும் தொழிலாளர்களிலும் பன்மை வேண்டும் என்று அகாதமி வரையறைகள் வைத்திருக்கிறது. விதி போட்டால் கலை செத்துவிடும் என்று பலர் கொதிக்கிறார்கள். அவர்களுக்கு நினைவூட்ட ஒன்று உண்டு. ஹாலிவுட் தன் பொற்காலம் என்று கொண்டாடும் படங்களில் பெரும்பாலானவை 1934-க்கும் 1968-க்கும் இடையே, இதைவிடப் பன்மடங்கு கடுமையான விதிகளின் கீழ் எடுக்கப்பட்டவை. விதியில்லாத ஹாலிவுட் என்று ஒன்று இருந்ததே இல்லை. பழைய விதி ஆட்களை வெளியே நிறுத்தியது, புதியது உள்ளே கூப்பிடுகிறது. எண்ணிக்கை மட்டும் போதாது என்பது வேறு விஷயம். அதில் எனக்கும் உடன்பாடுதான்.

எது போதும் என்பதற்கு மார்ட்டின் ஸ்கோர்செஸியின் ‘கில்லர்ஸ் ஆஃப் த ஃபிளவர் மூன்’ நல்ல சான்று. 1920-களில் எண்ணெய் வளத்துக்காக ஓசேஜ் பூர்வகுடி மக்கள் வரிசையாகக் கொல்லப்பட்ட உண்மைக் கதை. முதலில் எழுதிய திரைக்கதையில் குற்றத்தைத் துலக்கும் வெள்ளை அதிகாரியே நாயகன். லியோனார்டோ டிகாப்ரியோ அந்த வேடத்தில் நடிப்பதாக இருந்தது. ஓசேஜ் மக்களோடு உட்கார்ந்து பேசியபின் கதை திரும்பியது. மோலி என்ற ஓசேஜ் பெண்ணின் இல்லறத்துக்குள், அவள் கணவனின் துரோகத்துக்குள் போனது. மோலியாக நடித்த லில்லி கிளாட்ஸ்டோன், சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் அமெரிக்கப் பூர்வகுடிப் பெண். ஆனாலும் படத்துக்கு மொழி ஆலோசகராக இருந்த ஓசேஜ் மனிதர் ஒருவர், 2023-ல் லாஸ் ஏஞ்சலிஸ் சிறப்புக் காட்சிக்கு வந்தபோது தன் மனக்குறையை மறைக்கவில்லை: மோலியின் கண்ணால் சொல்லப்பட வேண்டிய கதை, கொன்றவனின் கண்ணால் சொல்லப்பட்டிருக்கிறது. இரண்டுமே உண்மை. மேசையைச் சுற்றி ஆட்கள் மாறியதும் கதை மாறியது. எவ்வளவு மாறியது என்பது எத்தனை ஆட்கள் மாறினார்கள் என்பதைப் பொறுத்திருந்தது.

2022-ல் அமெரிக்க நாணயச்சாலை தன் 25 சென்ட் காசில் அன்னா மே வாங்கின் முகத்தைப் பொறித்தது. கன்னத்தில் கைவைத்து, நேரே நம்மைப் பார்க்கிறார். ‘த குட் எர்த்’ படத்தை இன்று போட்டுப் பார்த்தாலும் ஓ-லானாக வருபவர் லூயிஸ் ரெய்னர்தான்.